வெள்ளிக்கி

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாக இருந்திருக்க வேண்டியது. கடிதம் எழுத எனக்கு வராது என்பதால் கதையாகிவிட்டது.

எண்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். ஐந்தருவியிலிருந்து தென்காசிக்குப் பேருந்து வந்தபாடில்லை. சாரல் வலுத்துவிட, ஒரு பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினேன். எனக்கு முன்பே அங்கே ஒதுங்கியிருந்தவர் குழல்வாய்மொழி. தென்காசியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறவர். எதிரில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"நீங்க பத்திரிகைல கதை எழுதுதவங்கதானே சார்? எனக்கு ஒரு தேங்க்ஸ் லெட்டர் எழுதித் தர முடியுமா?"

"யாருக்கும்மா?"

"அதான் தெரியலை. பத்துப் பேரா இருக்கலாம், நூறு பேராவும் இருக்கலாம். ஒருத்தரையும் நான் பாத்தது கெடையாது. எங்கயோ இருந்துக்கிட்டு ஒரு கம்பைலர் எழுதுனாங்க. எழுதி, சும்மா குடுத்துட்டாங்க."

கம்பைலர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருந்துகள் வந்து போயின. இருவருமே ஏறவில்லை. அந்த நேரத்தில் அவர் சொன்னதுதான் இது.

[ஒரு சிறு அறிவிப்பு. நேரில் நான் 'அவர்' என்று சொல்கிற குழல்வாய்மொழி, கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். அனுமதி வாங்கிவிட்டேன்.]

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் வைத்திருக்கிறேன்.

முதலாவது: பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டிக்கொண்டிருந்த அந்த ஐப்பசி மாதத்தில்,

நிறுத்திவிட்டேன். போன வருஷ ஐப்பசியில் அருவி கொட்டியது உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் யாரும் அருவிக்குப் போகவில்லை.

இரண்டாவது: கம்பைலர் என்பது மனிதர்கள் எழுதுகிற புரோகிராம் வரிகளை இயந்திரம் நடத்தக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருகிற இன்னொரு புரோகிராம். அதோடு லைப்ரரி என்று ஒன்றும் வரும். ஓர் எழுத்தைப் படிப்பது, ஒரு வரியைத் திரையில் காட்டுவது போன்ற அன்றாட வேலைகளுக்கான ஆயத்த உறுப்புகள் அதில் இருக்கும். வீடு கட்டுகிறவர் கதவுக் கீலைத் தானே வார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா? ஆகவே

இதையும் நிறுத்தினேன். பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது. ஆனால் அடிக்கவில்லை. அந்தக் கீல் உங்களுக்குப் பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது: தங்கபுஷ்பத்துக்குக் குரல் போய் இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

இதுதான் தொடக்கம்.

3

தங்கபுஷ்பத்துக்குக் குரல் போய் இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. முதலில் கை விரல்கள் போயின. பிறகு கைகள், நடை, கடைசியாகப் பேச்சு. நரம்பில் வருகிற வியாதி, இதற்கு மருந்து கிடையாது என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அதுவரை பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். சந்திப்பிழைக்கு அரை மதிப்பெண், பேச்சுத்தமிழை எழுத்தில் கொண்டுவந்தால் ஒரு மதிப்பெண் என்று கழிப்பவள். பள்ளியில் அவளுக்கு 'கழித்தல் டீச்சர்' என்றே பெயர்.

குழல்வாய்மொழியும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். குழல்வாய்மொழிக்குக் கணக்கு, தங்கபுஷ்பத்துக்கு வாய். இரண்டும் சேர்ந்து அந்த வகுப்பை ஆண்டதாகச் சொல்வார்கள். இவள் மெட்ராஸில் சில வருஷம் புரோகிராமராக வேலை பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் குற்றாலத்துக்கே திரும்பி, தென்காசியில் இரண்டு கம்ப்யூட்டரோடு பயிற்சி நிலையம் தொடங்கியபோது தங்கபுஷ்பத்தின் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. மறு வருஷம் நின்றேபோனது.

மிச்சமிருந்தவை கண்களும் வலது காலின் பெருவிரலும். கண்ணை மூடினால் 'ஆமாம்'. மேலே பார்த்தால் 'இல்லை'.

வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். தண்ணி வேணுமா? காத்தாடி போடவா? ஒம் மக மலர் நல்லாப் படிக்கணும்லா? தங்கபுஷ்பம் கண்ணை மூடுவாள், அல்லது மேலே பார்ப்பாள். கேட்ட கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடிந்தது. கேட்காத கேள்விகளெல்லாம் அவளுக்குள்ளேயே கிடந்தன.

இது குழல்வாய்மொழிக்குத் தாங்கவில்லை. வாரத்தில் சில நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கேட்பாள். "உயிரா? மெய்யா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" கண் மூடும் இடத்தில் நிறுத்தி, அந்த இனத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அப்படி ஒரு மாலையில் தங்கபுஷ்பம் சொன்ன வாக்கியம்: 'நீ வராத நாளில் நான் ஊமை.'

4

பயிற்சி நிலையத்தின் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றைக் குழல்வாய்மொழி ஆட்டோவில் ஏற்றி அந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வீட்டு வாசலில் அழுத்துகிற காலிங்பெல் பொத்தானை ஒரு மரச் செருப்பில் பொருத்தி, ஒயரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தாள். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு கட்டம் அவற்றின் மேல் ஒவ்வொன்றாக நகர வேண்டும். வேண்டிய எழுத்தில் கட்டம் வரும்போது கால்விரல் அழுத்தினால் அந்த எழுத்து கீழே பதிய வேண்டும். புரோகிராம் இவ்வளவுதான்.

அதை எழுத ஒரு கம்பைலர் வேண்டும். விலைக்கு விற்ற கம்பைலரை வாங்க நினைத்தால் மிச்சமிருக்கிற கம்ப்யூட்டரையும் விற்க வேண்டும். திருட்டுப் பிரதிகள் கிடைத்தன. ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாது. பூட்டிய பெட்டி.

அப்போதுதான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த அவள் அண்ணன் சங்கரபாண்டி ஒரு கட்டு ஃப்ளாப்பிகளோடு ஊருக்கு வந்தான். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற புரோகிராமர்கள் சிலர் சேர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் சொந்தமான ஓர் இயக்குதளத்தையே உறுப்பு உறுப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனால் கம்பைலரும் லைப்ரரியும் சில கருவிகளும் தயார்.

"எவ்வளவுண்ணே?" என்று கேட்டாள் இவள்.

"சும்மாதான் குழலி. ஃப்ளாப்பி மட்டும் நான் வாங்கினது."

"சும்மான்னா? ஆபீஸ்ல இருந்து காப்பி அடிச்சியா?"

"காப்பி அடிக்கச் சொல்லித்தான் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாரு."

படித்துப் பார்த்தாள். முதல் ஃப்ளாப்பியில் எழுதியிருந்ததன் சாரம் இது: எடுத்துக்கொள். உள்ளே எப்படி வேலை செய்கிறதென்று பார். தேவைப்பட்டால் மாற்று. பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த இதே உரிமையை அவருக்கும் சேர்த்துக் கொடு.

[இந்த இடத்தில் பழக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, "மங்குஸ்தான் எடுக்கியளா?" என்று கேட்டார். ஒரு கிலோ வாங்கினேன்.]

கம்பைலர் உறுதியானதுதான். ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. குழல்வாய்மொழி ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து என்பது ஓர் எண். பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை இடம். முன்பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. பின்பாதியில் தமிழ் எழுத்துகளையும் கால், கொம்பு, சுழிகளையும் நெருக்கி உட்காரவைத்து முடித்த பிறகுதான் 'ழ' விட்டுப்போனது தெரிந்தது. தன் பெயரில் இரண்டு 'ழ' வைத்திருக்கிறவளுக்கு அது நினைவில் இல்லை. நல்லவேளை, கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இருநூற்று ஐம்பத்தைந்து. 'ழ' அங்கே போய் உட்கார்ந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு காலையில் தங்கபுஷ்பத்தின் கால்விரல் முதல்முறையாக அழுத்தியது. இந்த இடத்துக்கு நான் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்: 'நான் இருக்கிறேன்.' எழுதியும்விட்டேன். பிறகு உண்மையில் அவள் முதலில் எழுதியது என்னவென்று கேட்டேன்.

"'குழம்பில் உப்பு இல்லை'ன்னு எழுதுனா சார். வரிசையா மூணு மாசமா இல்லையாம்."

அன்று ழ சரியாகத்தான் திரையில் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

இப்போது தங்கபுஷ்பத்தின் கணவர் ஞானதிரவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இவரோடுதான் சிக்கல்.

முதல் வரைவில் இவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. படித்துக்காட்டியபோது குழல்வாய்மொழி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி நல்ல மனுசன் சார். அவளைக் குளிப்பாட்டுறது, தூக்கி உக்கார வைக்கிறது எல்லாம் அவர்தான். ஒரு நாள் மொகம் சுளிச்சது கெடையாது."

"அப்போ தப்பு யார்கிட்ட?"

"அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சா மீதியை அவரே சொல்லி முடிச்சிருவாரு. புளியங்குடி எலுமிச்சை மண்டில கமிஷன் வியாபாரம். ஏலத்துல பாதிப் பேச்சிலயே வெலையைப் பிடிக்கணும்லா. அதே வேகம் வீட்டுலயும்."

எனவே அடித்துத் திருத்தினேன். காலை ஏழு மணிக்குப் புளியங்குடிக்குப் புறப்பட்டு, இருட்டும் நேரத்தில் எலுமிச்சை வாசனையோடு திரும்புகிற மனிதர். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய அக்கா சுகிர்தம் வீட்டைப் பார்த்துக்கொண்டார். பத்து வயது மகள் ஜெபமலர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்வாள். விளையாடப் போவதில்லை. மற்ற பிள்ளைகள் கூப்பிட்டாலும் போவதில்லை.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஞானதிரவியம் பாளையங்கோட்டையில் ஒரு விடுதிப் பள்ளியை விசாரித்தார். கால் பரீட்சை விடுமுறைக்குப் பிறகு ஓர் இடம் காலியாகிறது, உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள். மனைவியிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் சில நாள் தவித்து, கடைசியில் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"மலரு நல்லாப் படிச்சு வரணும்னு ஒனக்கும் ஆசைதானே?"

தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள். எந்தத் தாய் மூடமாட்டாள்?

"அப்போ பாளையங்கோட்டைக்கு அனுப்பிருவோம். நீ யோசிச்சு அதுல எழுதி வை. நீ வேண்டாம்னு சொன்னா அனுப்பலை."

6

யோசித்து எழுத ஒரு நாள் போதாது. கால்விரல் சீக்கிரமே களைத்துவிடும். அதனால் எழுதியதைச் சேமித்துவைத்து மறுநாள் தொடர வசதி வேண்டும் என்று தங்கபுஷ்பம் கேட்டிருந்தாள். குழல்வாய்மொழி அதைச் சேர்த்துக்கொடுத்தாள். 'அம்மா வந்தாள்' என்று எழுதி, சேமித்து, அணைத்து, மறுபடி திறந்து பார்த்தாள். 'அம்மா வந்தாள்' என்றே இருந்தது. சரி என்று அண்ணனைப் பார்க்கப் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பகல் முழுவதும் தங்கபுஷ்பம் எழுதினாள். சுகிர்தம் அக்காவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் பயம். திரைப்பக்கம் திரும்பவே மாட்டார். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் கெட்டுப்போகும் என்பதால், சொல்லிக்கொடுத்தபடி நாலு மணிக்கு ஒரு பொத்தானை அழுத்திச் சேமித்துவிட்டு ஸ்விட்சை அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மண்டிக்குப் போகும் முன் ஞானதிரவியம் கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் இருந்தது இது:

மலர் போகட்டும். வெள்ளிக்கி

ஞானதிரவியம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? நீயே நாளும் குறிச்சுட்டே. வெள்ளிக்கிழமையே கூட்டிட்டுப் போறேன்."

தங்கபுஷ்பம் மேலே பார்த்தாள். இல்லை.

"என்ன இல்லை? 'மலர் போகட்டும்'னு நீதானே எழுதுன?"

கண்ணை மூடினாள். எழுதியது அவள்தான்.

"பொறவு என்ன? மனசுக்குக் கஷ்டமா இருக்கா?"

மறுபடி மூடினாள். அதுவும் உண்மைதான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று எழுந்தார் ஞானதிரவியம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

தங்கபுஷ்பத்துக்குத் தன் வாக்கியத்தின் மீதி எங்கே போனதென்று புரியவில்லை. களைப்பில் தானே ஏதாவது தவறாக அழுத்தியிருப்போம் என்று நினைத்தாள். அன்று பகலெல்லாம் விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதினாள். நாலு மணிக்கு அக்கா அணைத்தார். புதன்கிழமை காலை திறந்தபோது மறுபடியும் 'வெள்ளிக்கி'யில் நின்றது. ஞானதிரவியம் திரையைப் பார்க்கவேயில்லை. அவருக்கு வேண்டிய பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சற்று நேரத்தில் மழைக்கு எங்கோ கம்பி அறுந்து, ஊரில் கரண்டு போனது.

[இந்தப் பகுதியை எழுதியபோது பலமுறை எழுந்து நடந்தேன். பேசத் தெரிந்தவர்கள் நிறைந்த வீட்டில், எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டே ஒருத்தி தன் பிள்ளையை இழந்துகொண்டிருக்கிறாள். இதைவிடக் கூட்டி எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.]

7

வியாழக்கிழமை பிற்பகல் குழல்வாய்மொழி வந்தாள். வரைவில் நான் அவளை நேராகக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்து, கம்பைலரின் உள்ளே புகுந்து பிழையைப் பிடித்து, கடைசி நொடியில் மலரைக் காப்பாற்றவைத்தேன். விறுவிறுப்பாக வந்திருந்தது.

"கரண்டே கெடையாதே சார்" என்றார் குழல்வாய்மொழி.

ஆகவே நடந்தது இதுதான். அவள் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் ஒரு புதுத் தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் ஜெபமலர் உட்கார்ந்திருந்தாள். சுகிர்தம் அக்கா ஒரு பாவாடையில் பெயர் தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பயணத்துக்காக ஞானதிரவியம் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார்.

"வாங்க டீச்சர். ஒங்க புண்ணியத்துல அவளே முடிவு சொல்லிட்டா. நான் ஒண்ணும் வற்புறுத்தலை, கேட்டியளா."

"என்ன எழுதினா அண்ணாச்சி?"

"மலர் போகட்டும். வெள்ளிக்கி."

"வெள்ளிக்குன்னு இருந்துச்சா, வெள்ளிக்கின்னு இருந்துச்சா?"

"வெள்ளிக்கின்னுதான். நாம அப்படித்தானே பேசுதோம். அதுக்கென்ன?"

வெள்ளிக்கி, நாளைக்கி என்று எழுதிய பிள்ளைகளின் தாளில் தங்கபுஷ்பம் போட்ட சிவப்புக் கோடுகள் குழல்வாய்மொழிக்குத் தெரியும். உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தாள். தங்கபுஷ்பத்தின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஏட்டி புஷ்பம், வெள்ளிக்கின்னு நீ எழுதுவியாட்டி?"

கண்கள் மேலே போயின.

"அதுக்குப் பொறவு இன்னும் எழுத்து இருக்கா?"

தங்கபுஷ்பம் கண்ணை இறுக மூடினாள். திறக்க வெகுநேரமாயிற்று.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. மலரு, நீயும் வா. யக்கா, நீங்களும்."

எல்லோரும் வந்தார்கள். குழல்வாய்மொழி பழைய வழியிலேயே ஆரம்பித்தாள். "உயிரா? மெய்யா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" தங்கபுஷ்பம் மூடினாள். "ய... ர... ல... வ... ழ..." மூடினாள்.

"வெள்ளிக்கிழ" என்றாள் குழல்வாய்மொழி.

"அதான், வெள்ளிக்கிழமை போகட்டும்னு..." என்று ஆரம்பித்தார் ஞானதிரவியம்.

"அண்ணாச்சி. அவ முடிக்கட்டும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். 'மை' வந்தது. பிறகு 'தோ'. பிறகு 'றும்'. 'வெள்ளிக்கிழமைதோறும்' என்று முழுச்சொல்லும் வந்து நின்றபோது ஞானதிரவியம் மெல்லச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. யாரும் எழுந்து போகவில்லை. விளக்கேற்றும் நேரம் ஆனபோது வாக்கியம் முழுதாக வந்திருந்தது. ஜெபமலர் அதைத் தன் பள்ளிச் சிலேட்டில் எழுதியிருந்தாள்.

மலர் போகட்டும். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வர வேண்டும். வர விடாத பள்ளி வேண்டாம்.

"அங்க காப்பரீட்சை, அரப்பரீட்சைக்குத்தான் விடுவாங்கன்னு சொன்னாங்க" என்றார் ஞானதிரவியம். "நான் ஒங்கிட்டச் சொல்லலை. நீ எப்படித் தெரிஞ்சுக்கிட்டே?"

தங்கபுஷ்பம் அவரையே பார்த்தாள். அது ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. முதல்முறையாக ஞானதிரவியம் அவள் பதிலைத் தானே சொல்லாமல், பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "உயிரா?" என்று கேட்டார்.

[அந்தப் பதில் அவர்கள் இருவருக்குமானது. குழல்வாய்மொழி அப்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் போய்விட்டேன்.]

8

கரண்டு சனிக்கிழமை வந்தது. குழல்வாய்மொழி வேலையைத் தொடங்கினாள்.

தன் பெயரை எழுதிச் சேமித்தாள். திறந்து பார்த்தாள். 'கு' என்று மட்டும் இருந்தது. 'தமிழ்' என்று எழுதினாள். 'தமி' என்று திரும்பிவந்தது. ழ திரையில் வருகிறது. சேமித்த கோப்பிலும் இருக்கிறது. படிக்கும்போதுதான் காணாமல் போகிறது. தன் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். அதில் பிழை இல்லை.

பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் இங்கேயே நின்றிருக்க வேண்டும். இது திறந்த பெட்டி. கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கிற லைப்ரரி உறுப்பைத் திறந்தாள். நான் முன்பு சொன்ன கதவுக் கீல்.

அவர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். ஓர் எழுத்தை எட்டுச் சின்ன விளக்குகளின் வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். எட்டும் எரிந்தால் இருநூற்று ஐம்பத்தைந்து. ஆனால் அந்த உறுப்பு, எட்டும் எரிந்தால் அதை 'கோப்பு முடிந்துவிட்டது' என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டது. அதை எழுதியவரின் மொழியில் அந்தக் கடைசி இடத்தில் எந்த எழுத்தும் உட்கார்ந்திருக்காது. அதனால் அவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ழ வந்ததும் கம்ப்யூட்டர், எல்லாம் முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிட்டது.

திருத்தம் ஒரே வரி. ஆனால் அந்த வரிக்கு மேலே, எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தாராம். தான் இதை ஏன் இப்படிச் செய்தேன், எந்த இடத்தில் தனக்கே சந்தேகம் இருக்கிறது, பின்னால் வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று நாலைந்து வரி.

"அதைப் படிச்சப்பத்தான் சார் எனக்கு அழுகை வந்துச்சு. யாரோ ஒருத்தர். நான் யாருன்னே தெரியாது. தென்காசின்னு ஒரு ஊரு இருக்குறது தெரியாது. ஆனா பின்னால ஒருத்தி வருவா, அவளுக்கு வெளிச்சம் வேணும்னு நெனைச்சிருக்காரு."

வரியைத் திருத்தினாள். லைப்ரரியைக் கம்பைலரிடம் கொடுத்து மறுபடி உருவாக்கினாள். தன் பெயரை எழுதி, சேமித்து, அணைத்து, திறந்தாள். குழல்வாய்மொழி, ஓர் எழுத்து குறையாமல்.

திருத்தத்தை ஃப்ளாப்பியில் போட்டு, ஃப்ளாப்பியில் இருந்த முகவரிக்கு அனுப்பினாள். தனக்குக் கிடைத்ததைத் தானும் கொடுக்க வேண்டும் அல்லவா. பிழையைக் கண்டவர் என்ற இடத்தில் தங்கபுஷ்பத்தின் பெயரை எழுதினாள். தையில் புது ஃப்ளாப்பி வந்தது. திருத்தம் அதில் சேர்ந்திருந்தது. உதவியவர்களின் பெயர்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் தங்கபுஷ்பம், தென்காசி.

குழல்வாய்மொழி ஓடிவந்து திரையில் காட்டினாள். தங்கபுஷ்பம் நிதானமாகப் படித்தாள். பிறகு கட்டம் நகர்ந்தது, கால்விரல் அழுத்தியது.

என் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. திருத்தச் சொல்.

9

ஜெபமலர் அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. ஞானதிரவியம் மட்டும் பாளையங்கோட்டை வரை போய், வாரம் ஒருமுறை அனுப்புவீர்களா என்று கேட்டார். முடியாது என்றார்கள். இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார். இந்த ஆனியில் திருநெல்வேலியில் வேறொரு விடுதி ஒப்புக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் புளியங்குடியிலிருந்து நேராகப் பேருந்து நிலையம் போய் மகளைக் கூட்டிவருகிறார். மலர் இப்போது தெருவில் விளையாடுகிறாள் என்று கேள்வி.

வோல்டேஜ் இறங்கிய மாலைகளில் ஞானதிரவியம் கட்டிலருகே உட்கார்ந்து எழுத்துகளைச் சொல்கிறார். இடையினத்தில் முதலில் தடுமாறினாராம். இப்போது சரளம்.

10

கதையை இங்கே முடித்திருக்கலாம். இரண்டு முடிவுகளும் எழுதியிருந்தேன். ஒன்றில் தங்கபுஷ்பம் இறந்துபோகிறாள். இந்த வியாதியில் அதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்னொன்றில், எங்கோ தூரத்தில் அந்தக் கம்பைலரை எழுதியவர் ஒரு மாலையில் ஜன்னலருகே உட்கார்ந்து

அந்த வாக்கியம் முடியவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு அவரிடம் காட்டாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. இன்று காலை குழல்வாய்மொழியோடு அந்த வீட்டுக்கு வந்தேன். சுகிர்தம் அக்கா காப்பி கொடுத்தார். குழல்வாய்மொழி ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடிக்க, தங்கபுஷ்பம் வாசித்தார். (இங்கே 'அவர்' என்றுதான் வருகிறது. நேரில் பார்த்துவிட்டேன்.) இரண்டு இடங்களில் கண்ணை மேலே தூக்கினார். ஒன்று சந்திப்பிழை. மற்றொன்று 'பாவம்' என்ற சொல். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

கடைசித் தாளில், முதல் முடிவை வாசித்தபோது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கட்டம் நகர ஆரம்பித்தது.

அவசரம்

என்று வந்தது. நான் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, அடிச்சிருதேன்" என்றேன். அவர் மேலே பார்த்தார். குழல்வாய்மொழி என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவசரம் இல்லை. முடிவு நான் சொல்கிறேன். எழுதிக்கொள்

அதற்குப் பிறகு ஓர் எழுத்து வந்தது. இன்னொன்று. கட்டம் வரிசையில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வெயிலும் சாரலும் சேர்ந்து அடிக்கின்றன. மாலையாக இன்னும் நேரம் இருக்கிறது. வோல்டேஜ் நன்றாக இருக்கிறது. நான் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. நீங்களும் வந்து உட்காருங்கள்.